கும்பகோணம் போய்வந்த தவிடு

கும்பகோணத்தை ஒரே நாளில் எங்களுக்குச் சுற்றிக் காட்டிய கைடை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. அந்த ஆள் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அதனால் என்ன? செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பவர்கள் அந்த ஆளோடு ஒரு பகல் முழுக்க ஒரே வேனில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது. நான் சிங்கப்பூரில் பிறந்த சீனக் குழந்தை. ஜப்பான்காரன் காலத்தில் தேக்கா மார்க்கெட்டில் கீரை விற்ற ஒரு சீனப் பெண்ணின் புருஷனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. ஐந்து பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியாகப் பிறந்த என்னை அவள் வாடிக்கையாகக் கீரை வாங்கும் தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தாள். பிள்ளையில்லாத அந்தத் தமிழ்ப் பெண்தான் என் அம்மா. அப்பா துறைமுகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில், பாவாடை சட்டையும் ரெட்டைப் பின்னலுமாக வளர்ந்தேன். சீன பாஷையில் எனக்கு ஒரு சொல் தெரியாது. மீன்காரச் சீனன் என்னிடம் ஏதாவது கேட்டால் அம்மாதான் மலாயில் பதில் சொல்வாள்.

இது எங்கள் பக்கத்தில் அதிசயமே இல்லை. எங்கள் சந்தில் மட்டும் என்னைப் போல் மூன்று பேர் இருந்தோம். பொட்டு வைத்த சீன முகத்தை அங்கே யாரும் நின்று பார்த்ததில்லை. வளர்ந்து, படித்து, தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகவும் ஆனேன். நல்ல சட்டை போட்ட தமிழ் அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லித்தர என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நான் என்ன ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது ஒரே ஒருத்திதான். அப்பாவின் அக்கா, என் அத்தை. பிள்ளைகளைக் கேலி செய்யும்போது “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று வீட்டுக்கு வீடு சொல்வார்களே, அதை மற்ற வீடுகளில் சிரிப்பதற்குச் சொல்வார்கள். அத்தை என்னிடம் சொன்னபோது சிரித்ததே இல்லை.

அந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. பிழைக்குமோ பிழைக்காதோ என்று கிடக்கும் பிள்ளையைச் சாமிக்குக் கொடுத்துவிடுவார்கள். சன்னதியில் நிறுத்தி, “இது உன் பிள்ளை” என்று தாயே தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து, சாமியிடமிருந்து பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொண்டு வருவார்கள். விலைக்கு வாங்கிய பிள்ளையை எந்த நோயும் எந்த ஆளும் உரிமை கொண்டாட முடியாது என்பது நம்பிக்கை. எனக்கு மூன்று வயதில் அம்மை போட்டு, கண் திறக்காமல் கிடந்தபோது, அம்மா தான் பிறந்த கும்பகோணத்து அம்மனுக்கு இந்த வேண்டுதலை வைத்தாள். எந்தக் கோயில் என்று சொல்லப்போவதில்லை. அந்த ஊரில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. எனக்குக் கோயில்மேல் கோபமும் இல்லை.

நான் பிழைத்தேன். வேண்டுதல் பாக்கி நின்றது. கப்பலேற வசதியில்லை, பிறகு அப்பாவுக்கு லீவு இல்லை, பிறகு அப்பாவே இல்லை. நடுவில் அம்மாவுக்கு ஒரு பயம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. கீரைக்காரி ஒருநாள் வந்து கேட்பாள் என்ற பயம். தேக்கா மார்க்கெட்டில் வயதான சீனப் பெண் யாராவது என்னை இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்தால் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு இருபது வயது கடந்த பிறகும் பிடித்தாள்.

“நம்ம ஊரு சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன்கிட்டயே முடிச்சிடலாம்லமா” என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“அவகிட்ட நான் எதுவும் கேக்கலயே. கேட்டவகிட்டதான் போய் நிக்கணும்” என்பாள்.

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் அம்மா பிடிவாதமாக இருந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் என்னைத் தன்னுடையவளாக ஆக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு. சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை வைத்திருந்த ஒருவர், கோயில் பார்க்க ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கப்பலில் போவதாக இருந்தார். பதினான்கு பேர். அம்மாவும் நானும் பேர் கொடுத்தோம். மறுநாளே அத்தையும் கொடுத்தாள்.

புறப்படுவதற்கு முன்தினம் அம்மா எங்கள் சந்துப் பால்காரர் கொட்டகைக்குப் போய், ஒரு மஞ்சள் பை நிறையத் தவிடு வாங்கி வந்தாள். காவேரிக்கரையில் நெல்லுக்குள் பிறந்து வளர்ந்தவள், அந்த ஊருக்கே சிங்கப்பூரிலிருந்து தவிடு கொண்டுபோனாள். “அங்க தவிடு கிடைக்காதாம்மா?” என்று கேட்டேன். “நீ வளந்தது இந்த ஊருல. வெலையும் இங்கேருந்துதான் போவணும்” என்றாள். நாகப்பட்டினத்தில் சுங்கக்காரர் அந்தப் பையைத் திறந்து, கையை விட்டுத் துழாவி, முகர்ந்து பார்த்து, வாழ்க்கையே வெறுத்துப்போய் மூடினார்.

ஆனால் என் பாஸ்போர்ட்டை அவ்வளவு சீக்கிரம் மூடவில்லை. எல்லையில் சீனாவோடு நடந்த சண்டை ஓய்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தமிழ்ப் பெயர், சீன முகம், சிங்கப்பூர் முத்திரை. ஒரு அதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். நான் தமிழில் பேசப் பேச அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. தமிழ் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒருவர் இன்னொருவர் காதில் சொன்னது என் காதிலும் விழுந்தது. இரண்டு மணி நேரம் கழித்து விட்டார்கள்.

அதற்கு மறுநாள்தான் கும்பகோணம். நகைக்கடைக்காரர் ஏற்பாடு செய்திருந்த வேனின் முன்சீட்டில் கைடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா. எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்ததும் குனிந்து, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல், “குட் மார்னிங் மேடம். திஸ் ஈஸ் வெரி ஓல்ட் சிட்டி” என்றார்.

“வணக்கம் சார். தமிழ்லயே சொல்லுங்க” என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்து, “மேடம் என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

“தமிழ்லயே சொல்லச் சொல்றா” என்றாள் அம்மா.

“ஓ, சரி சரி” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “மேடம், டுடே வீ சீ மெனி டெம்பிள்” என்றார்.

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முதல் தடவை. ஆனால் பகல் முழுக்க இதே கதை. நான் தமிழில் ஒன்று கேட்பேன். அவர் அம்மாவைப் பார்ப்பார். அம்மா அதே தமிழை அப்படியே திருப்பிச் சொல்வாள். உடனே அவருக்கு விளங்கிவிடும். என் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆளின் காது அடைத்துக்கொண்டது. மகாமகக் குளத்துப் படியில் நின்று மற்றவர்களுக்குப் பதினாறு மண்டபத்தின் கதையும் விஸ்தாரமாகச் சொன்னார். எனக்குக் குளத்தைக் காட்டி “வாட்டர்” என்றார். நான் ஐம்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்து மேய்ப்பவள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது.

பாத்திரக்கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே எனக்குத்தான் முதல் நாற்காலி. கடைக்காரர் ஓடிவந்து, “ப்ளீஸ் கம், மேடம்” என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். அத்தையும் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் எழுந்து அம்மாவை உட்கார வைத்தேன். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காமல் கைடைப் பார்த்தார். “அந்த அம்மாதான் இவங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க” என்றார் கைடு. அம்மாவை என் ஆயா என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எனக்குச் சுள்ளென்று வந்தது.

அடுத்து ஒரு பெரிய கோயில். வெளி மண்டபத்துத் தூண்களில் சிற்பங்கள், கண்ணை எடுக்க முடியாத அழகு. இந்த மண்ணின் சிற்பத்தைப் பற்றி நான் வகுப்பில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு தூணிலிருந்த நாட்டியப் பெண்ணின் கால்விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைடு கைதட்டிக் கூட்டத்தை உள்ளே கூப்பிட்டார். நானும் போனேன். அவர் குடையைக் குறுக்கே நீட்டினார்.

“மேடம், ஃபாரினர் அப் டு ஹியர் ஒன்லி.”

நாங்கள் எல்லாருமே நின்றுவிட்டோம். ஏனென்றால் இப்படி ஒன்று இருக்கும் என்று எங்கள் பதினான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டுக் கோயிலில் சீனக் கிழவிகள் ஊதுபத்திக் கட்டோடு வந்து, மாரியம்மன் முன்னால் மூன்று தடவை குனிந்துவிட்டுப் போவார்கள். குருக்கள் அவர்களுக்கும் விபூதி கொடுப்பார். கோயில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, அந்த நினைப்பை நம்பியே ஏழு நாள் கப்பலில் வந்திருந்தோம்.

“என்னலா இது?” என்றார் நகைக்கடைக்காரர், எங்கள் ஊர் ‘லா’வோடு. “எங்க ஊர்ல சீனங்க தீ மிதிக்கிறாங்க சார். இவங்க தமிழ் டீச்சர் லா.”

“அது உங்க ஊரு” என்றார் கைடு. “இங்க ரூல்ஸ் ரூல்ஸ்தான். ஏற்கெனவே இது சீனாக்கார மூஞ்சி. போலீஸ்ல ஒருத்தன் கேட்டான்னா என் பொழப்புப் போயிடும்.”

முதன்முதலாக அவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசியது அதைத்தான். எல்லாரும் உள்ளே போனார்கள். போகும்போது கைடு என்னிடம் கையைக் காட்டி, “மேடம், செப்பல், ப்ளீஸ் லுக்” என்றார். பதினான்கு ஜோடிச் செருப்புக்குக் காவலாக அந்த நாட்டியக்காரியின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். கைடின் செருப்பும் அதில் இருந்தது. அதை மட்டும் எடுத்துத் தனியாக வெயிலில் வைத்தேன்.

அம்மா பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். சாமி கும்பிட்ட முகமாக இல்லை. அவள் பயந்திருந்தாள். அன்று சாயங்காலம்தான் எங்கள் அம்மன் கோயில்.

நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை ஒரு சத்திரத்தில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா கைடிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மை, வேண்டுதல், தவிடு, எல்லாம். அவர் குடையைத் தரையில் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார்.

“நேபாளத்துப் பொண்ணுன்னு சொல்லிடலாம். நேபாளத்துக்காரங்க இந்துதான், மூஞ்சியும் ஒத்துவரும். ஆனா இந்தப் பொண்ணு வாயத் திறக்கக் கூடாது. நேபாளத்துக்காரி தமிழ் பேசினா மாட்டிக்குவோம்.”

பகல் முழுக்க அவர் காதில் விழாத என் தமிழ், இப்போது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. நான் முடியாது என்றேன். நான் யாரென்று சொல்லி உள்ளே போகிறேன், இல்லாவிட்டால் போகவில்லை என்றேன். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். நம்ம ரத்தமா இருந்தா இந்த வம்பு உண்டா?” என்றாள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அரை மணி நேரம்டி. எனக்காக. இருவது வருஷமா சொமந்துக்கிட்டு இருக்கேன். அரை மணி நேரம் வாயத் திறக்காத.”

சரி என்றேன். அவள் அப்படி என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

நாலரை மணிக்குக் கோயில் வாசலில் காவலாள் என்னைத் தடுத்தான். கைடு குரலைத் தணித்து, “நேபாளம்” என்றார். அது போதாதென்று நினைத்தாரோ என்னவோ, “பாவம், வாய் பேச வராது” என்றும் சேர்த்துக்கொண்டார். காவலாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

சன்னதி சின்னது. எண்ணெய் விளக்கு, பச்சைப் புடவை, எலுமிச்சம்பழ மாலை. முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்ததும் அம்மா தேம்பிவிட்டாள். குருக்கள் வயதானவர், சாந்தமான மனிதர். என்ன வேண்டுதல் என்று கேட்டார். அம்மா மஞ்சள் பையைத் திறந்து காட்டினாள். தவிட்டை ஒரு கை அள்ளிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இப்பல்லாம் யாரம்மா இதைச் செய்யறா? ரொம்ப சந்தோஷம். பிள்ளையைக் கொண்டாங்கோ” என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கைடு என்னை உள்ளே கொண்டுவர ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யில் நான் யாரோ ஒரு நேபாளத்துக்காரி. அம்மாவுக்குப் பிள்ளையே கிடையாது. காவலாள் பின்னாலேயே வந்து தூணோரம் நின்றுகொண்டிருந்தான்.

“பிள்ளை எங்கேம்மா?” என்றார் குருக்கள் மறுபடியும். “சன்னதிக்கு நேரா நிறுத்தி, உன் பிள்ளைன்னு அம்பாள்கிட்ட நீங்கதான் சொல்லணும்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அம்மனைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது, மூடியது. ஒரு சொல் வரவில்லை. நான் காத்திருந்தேன். இவள்தான் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். பிடித்துத் தள்ளினாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுத் தள்ளப்படுவோம் என்று மனத்துக்குள் அவளிடம் கத்தினேன்.

“பொண்ணு வரலைங்க, ஊர்ல இருக்கு” என்றார் கைடு அவசரமாக.

“ஆமாங்க, சிங்கப்பூர்ல இருக்கா” என்றாள் அத்தை.

அப்போதும் அம்மா பேசவில்லை. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. “நான்தான் சாமி அந்தப் பிள்ளை” என்றேன். “நான் ஊமையும் இல்லை, நேபாளமும் இல்லை. சீனத்தி வயித்துல பிறந்து, இவங்க கையில வளந்தவ. இவங்க வாயால சொல்ல முடியலை, அதான் நானே சொல்றேன்.”

வகுப்பறைக் குரல். கோயில் முழுக்கக் கேட்டிருக்கும். குருக்கள் இரண்டடி பின்னால் போனார். திட்டவில்லை, தவிட்டைத் தொட்ட கையை மட்டும் துண்டில் துடைத்துக்கொண்டார். காவலாள் ஓடிவந்தான். ஐந்து நிமிஷத்தில் நாங்கள் எல்லாரும் கோபுர வாசலுக்கு வெளியே நின்றோம்.

கைடு காவலாளின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? “எனக்குத் தெரியாதுங்க. இந்தச் சிங்கப்பூர்க்காரங்க என்னை ஏமாத்திட்டாங்க.” யோசனையே அவருடையது. மத்தியானம் சத்திரத்தில் குடையைத் தட்டித் தட்டிச் சொன்ன யோசனை. அவருக்கும் குடும்பம் இருந்திருக்கும், போலீஸ் பயம் இருந்திருக்கும், பிழைப்பு இருந்திருக்கும். இருக்கட்டும். நான் மன்னிக்கவில்லை.

இதற்குப் பிறகும் சுற்றுலா நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பட்டியலில் வெற்றிலைக் கொடிக்கால் பாக்கி இருந்ததாம். வேன் நேராக அங்கே போனது. கைடு ஒரு கொழுந்து வெற்றிலையைக் கிள்ளி, ஒன்றுமே நடக்காததுபோல் என் முகத்துக்கு நேராக ஆட்டி, “மேடம், திஸ் ஈஸ் பீட்டல் லீஃப்” என்றார்.

“நான் ஊமை சார்” என்றேன். “ஊமைகிட்ட எதுக்கு மெனக்கெடுறீங்க? அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்களும் ஊமைதான்.”

எல்லாரும் வேனில் ஏறி உட்கார்ந்தோம். நகைக்கடைக்காரர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள்.

அம்மாவிடம் அப்படிச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை, அப்போது. திரும்பிவரும் கப்பலில் ஏழு நாளும் அவளிடம் தேவையான சொல்லைத் தவிர வேறு பேசவில்லை. கைடு பொய் சொன்னார், அத்தை பொய் சொன்னாள், இருவரையும் வாய்க்கு வந்தபடி மனத்துக்குள் வைதுகொள்ள முடிந்தது. ஆனால் என்னைக் கொன்றது அவர்கள் பேச்சு இல்லை. அம்மா பேசாமல் நின்றதுதான். அவளுடைய அம்மன் முன்னால், கேட்ட கேள்விக்கு, இவள்தான் என் பெண் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ரத்தம் என்று அத்தை சொல்வதெல்லாம் சரிதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தேன். பள்ளியிலிருந்து வருவேன், சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்வேன், நோட்டுத் திருத்துவேன். தவிட்டுப் பை அடுப்பங்கரை மூலையில் ஓர் ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வந்தாள். நான் முன்னறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். நடுவில் தட்டிதான், பேசுவதெல்லாம் கேட்கும். அவள் பேச்சைத் தணித்துப் பேசும் ஆளும் இல்லை.

“வேண்டுதலை அரைகுறையா விட்டுட்டு வந்திருக்க. நல்லதில்லலா. கல்யாணத்துக்கு முன்னாடி இன்னொரு தடவ போய்ட்டு வந்துடு. இந்தத் தடவ முக்காடு போட்டுக் கூட்டிட்டுப் போ. உன் புள்ளன்னு சாமிகிட்ட சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்? அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா முடிஞ்சிருக்கும். கல்லு மாதிரி நின்னியே.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பு ஒடியும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“சொல்லத்தான் போனேன்” என்றாள். “அங்க போய் நின்னப்புறம்தான் அது என்னன்னு விளங்கிச்சு. மொதல்ல இவ உன் புள்ளன்னு குடுக்கணும். அப்புறம்தான் வாங்கணும். தேக்கா மார்க்கெட்டுல ஒருத்தி இவள என் கையில குடுத்தப்போ அவ முகத்த நான் பாத்திருக்கேன். ஏற்கெனவே ஒரு தடவ குடுத்த புள்ள அண்ணி இது. சாமியா இருந்தாலும் சரி, ரெண்டாவது தடவயா குடுக்க எனக்கு வாய் வரல.”

அத்தை ஏதோ சொல்ல வந்தாள்.

“விக்கவே இல்ல” என்றாள் அம்மா. “அப்புறம் எதுக்கு வாங்கணும்?”

காம்பு ஒடியும் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது. என் கையிலிருந்த நோட்டில் சிவப்பு மை ஒரே இடத்தில் ஊறிக் கிடந்தது. எழுந்து உள்ளே போனேன். அம்மா நிமிரவில்லை. ஆணியிலிருந்த பையைக் கண்ணால் காட்டி, “பூச்சி வச்சிடும். கொண்டுபோய்ப் பால்காரர் மாட்டுக்குப் போட்டுட்டு வா” என்றாள்.

“சரிம்மா” என்றேன். கும்பகோணத்திலிருந்து வந்த பிறகு அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.